போலி வாங்குநர் மோசடி: உத்திரமேரூர் உரைகல் முதல் கியூஆர் குறியீடு வரை

போலி வாங்குநர் மோசடி என்பது, பொருளை வாங்க வந்தவர்போல் நடித்து, விற்பவரிடமிருந்தே பணத்தையோ பொருளையோ பறித்துக்கொள்ளும் ஏமாற்று ஆகும். வணிகத்தில் ஏமாற்று என்றதும் கலப்படம், எடைக்குறைவு, போலிச் சரக்கு என்று விற்பவர் செய்யும் குற்றங்களே முதலில் நினைவுக்கு வருகின்றன. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டங்களும் வாங்குபவரைக் காப்பதற்காகவே எழுந்தவை. ஆனால் இணையத்தில் பழைய பொருள்களை விற்கும் வழக்கம் பரவிய பிறகு, எச்சரிக்கையாக இருக்கவேண்டிய பொறுப்பு விற்பவர் பக்கமும் வந்து சேர்ந்தது.

காஞ்சிபுரம் மாவட்டத்தின் வாலாஜாபாத், உத்திரமேரூர் வட்டாரம் இந்த வரலாற்றைத் தொடங்குவதற்குப் பொருத்தமான இடம். பொருளுக்கு ஈடாகக் கிடைப்பது மெய்யான பணம்தானா என்று உறுதி செய்யும் ஏற்பாடு, ஏறத்தாழ 1,100 ஆண்டுகளுக்கு முன்பே இவ்வட்டாரத்தில் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளது.

உத்திரமேரூர்ப் பொன் சோதனை

முதலாம் பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளைச் சேர்ந்த உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலைத் தேர்தல் முறைக்காகப் பெயர் பெற்றவை. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் உள்ள இவை, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் தேர்ந்தெடுக்கப்படக் கூடாது என்று விதிக்கின்றன. பிறர் பொருளைக் கவர்ந்தவருக்கும் இடமில்லை. ஏரி வாரியம், தோட்ட வாரியம் ஆகியவற்றுடன் பொன் வாரியமும் இக்கல்வெட்டில் குறிக்கப்படுகிறது.

ஊரில் கைமாறும் பொன்னின் தரத்தைச் சோதிப்போரை எவ்வாறு தெரிவு செய்வது என்பதைப் பற்றியும் அதே காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு ஒன்று பேசுகிறது. சோதிப்பவர் எல்லோருக்கும் ஒரே தன்மையாகப் பொன் காணவேண்டும். உரைகல்லில் பொன்னைத் தேய்க்கும்போது ஒட்டும் துகளை மெழுகால் ஒற்றி எடுப்பது வழக்கம். அந்த மெழுகைச் சோதிப்பவர் தாமே வைத்துக்கொள்ளாமல் ஏரி வாரியத்தாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. பொன்னைச் சோதிப்பவரையும் மற்றொரு குழு சோதிக்கிறது.

இந்த ஏற்பாட்டின் அடிப்படை எளியது. பணம் நல்லதா என்பதை அதைக் கொடுப்பவர் சொல்லக்கூடாது. வாங்குபவருக்கும் விற்பவருக்கும் பொதுவான மூன்றாம் ஆள் சொல்லவேண்டும். பின்னர் வந்த வணிக முறைகள் பலவும் இந்த மூன்றாம் ஆளை வெவ்வேறு வடிவில் அமர்த்தியவையே. மோசடிகளோ அந்த ஆள் இல்லாத இடைவெளியில் நுழைந்தவை.

அஞ்சலும் காசோலையும்

முகம் தெரியாத இருவர் தொலைவில் இருந்தபடி வணிகம் செய்யும்போது, யார் முதலில் கொடுப்பது என்ற சிக்கல் எழுகிறது. பணத்தை முன்னே அனுப்பினால் வாங்குபவருக்கு இடர். சரக்கை முன்னே அனுப்பினால் விற்பவருக்கு இடர். இந்திய அஞ்சல் துறை 1877இல் கொண்டுவந்த வி.பி.பி. முறை இதற்கு ஒரு விடை தந்தது. தபால்காரர் பணத்தைப் பெற்றுக்கொண்ட பிறகே பொட்டலத்தை ஒப்படைப்பார்; பணம் அஞ்சலகம் வழியாக அனுப்பியவருக்குச் சேரும். தமிழ் நூல் வெளியீட்டாளர்களும் மருந்து வணிகர்களும் நெடுங்காலம் இதையே நம்பினர். இதிலும் போலி வாங்குநர் உண்டு. பொருளை வரவழைத்துவிட்டு, வந்ததும் வாங்க மறுத்துத் திருப்பி அனுப்புவோரால் விற்பவருக்கு அஞ்சல் செலவு வீணாகும். ஆனால் சரக்கு திரும்பி வந்துவிடும் என்பதால் இழப்புக்கு ஓர் எல்லை இருந்தது.

காசோலை வந்தபோது எல்லை விரிந்தது. கையில் கிடைப்பது பணம் அன்று, பணம் தருவதாகச் சொல்லும் தாள் மட்டுமே. கணக்கில் தொகை இல்லாமலே காசோலை கொடுத்துச் சரக்கை எடுத்துச் செல்வோர் பெருகினர். 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தில் 138ஆம் பிரிவு 1988இல் சேர்க்கப்பட்டு, 1989 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பணமின்றித் திரும்பும் காசோலை அதன்பின் தண்டனைக்குரிய குற்றமாயிற்று. 'காசோலை பணமான பிறகே சரக்கு' என்ற கடைக்காரர்களின் வழக்கம் இந்த அனுபவத்தில் பிறந்தது.

இணையச் சந்தையின் வருகை

1995இல் அமெரிக்காவில் பியர் ஒமிடியார் தொடங்கிய ஏல இணையதளம் பின்னர் ஈபே என்று பெயர் பெற்றது. தனிமனிதர் ஒருவர் மற்றொரு தனிமனிதருக்கு நேரே விற்கும் முறை இதனால் உலகளவில் பரவியது. அத்துடன் பரவிய ஏமாற்று, மிகைத்தொகைக் காசோலை எனப்படுவது. வாங்குபவர் விலையைவிடக் கூடுதலான தொகைக்கு வங்கிக் காசோலை அனுப்புவார். கூடுதல் தொகையை வண்டிக்காரருக்கோ முகவருக்கோ அனுப்பிவிடும்படி வேண்டுவார். அமெரிக்க வங்கிகள் 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி, காசோலை முழுமையாகச் சரிபார்க்கப்படும் முன்பே சில நாள்களில் பணத்தை எடுக்கவிட வேண்டும். காசோலை போலி என்று வாரங்கள் கழித்துத் தெரியும்போது, விற்பவர் அனுப்பிய பணம் போய்விட்டிருக்கும். வங்கி தன் தொகையையும் அவரிடமே கேட்கும்.

இந்திய வங்கிகள் பொதுவாகக் காசோலை தீர்வான பிறகே பணம் தருவதால், இவ்வகை இங்கு எளிதில் வேரூன்ற இடமில்லை. ஆனால் 'தவறிக் கூடுதலாக வந்துவிட்டது, மீதியைத் திருப்பி அனுப்புங்கள்' என்ற அதன் உத்தி, பிற்காலத்தில் வேறு உடையில் இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது.

இந்தியாவில் 2000இல் தொடங்கிய பாசி இணையதளத்தை 2004இல் ஈபே வாங்கியது. அங்கே பைசாபே என்ற இடைநிலைப் பணமுறை இருந்தது. வாங்குபவரின் பணம் முதலில் தளத்தின் வழியே சென்று பிறகே விற்பவரை அடைந்தது. மூன்றாம் ஆள் அங்கேயும் இருந்தார். அடுத்து வந்த ஓஎல்எக்ஸ் (2006), குவிக்கர் (2008) ஆகியவை வரி விளம்பரத் தளங்கள். இவற்றில் இலவசமாக விளம்பரம் செய்யலாம். தொலைபேசி எண் கிடைக்கும். விலையையும் பணத்தையும் இருவரும் தமக்குள் பேசி முடிக்க வேண்டியதுதான். நேரில் வந்து பார்த்து ரொக்கம் கொடுத்து எடுத்துச் செல்லும் வரை இதில் பெரிய இடர் இல்லை.

யுபிஐயும் திசை மாறிய பணமும்

இந்தியத் தேசியக் கொடுப்பனவுக் கழகம் உருவாக்கிய யுபிஐ முறை 2016 ஏப்ரல் 11 அன்று முன்னோட்டமாகத் தொடங்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பர் 8 அன்று அறிவிக்கப்பட்ட பணமதிப்பு நீக்கம் மக்களை அதன் பக்கம் தள்ளியது. சில ஆண்டுகளில் வாலாஜாபாத் கடைத்தெருவின் காய்கறித் தள்ளுவண்டி வரை கியூஆர் அட்டை வந்துவிட்டது.

யுபிஐயில் பணம் இரு வழிகளில் நகரக்கூடியதாக அமைக்கப்பட்டது. ஒன்று, கொடுப்பவர் தாமே அனுப்புவது. மற்றொன்று, பெறுபவர் கோரிக்கை விடுத்து, கொடுப்பவர் தம் ரகசிய எண்ணை இட்டு ஒப்புக்கொள்வது. இரண்டாவது வழி கடைகளுக்கும் கட்டணம் வசூலிப்போருக்கும் வசதியாக வகுக்கப்பட்டது. மோசடிக்காரர்கள் இதைத் தலைகீழாகப் பயன்படுத்தினர். வாங்குபவர்போல் பேசி, 'உங்களுக்குப் பணம் அனுப்பியிருக்கிறேன், ஏற்றுக்கொள்ளுங்கள்' என்று சொல்லி, உண்மையில் பணம் கேட்கும் கோரிக்கையை அனுப்பினர். திரையில் தொகை தெரியும், பொத்தான் தெரியும், ரகசிய எண் கேட்கும். எண்ணை இட்டதும் பணம் எதிர்த்திசையில் பாயும்.

கியூஆர் குறியீட்டிலும் இதுவே நடந்தது. கட்டணக் குறியீட்டில் அடங்கியிருப்பது பணம் பெறுபவரின் முகவரியும், சில வேளைகளில் தொகையும். அதை வருடுபவர் எப்போதும் கொடுப்பவரே. ஆனால் 'இதை வருடினால் உங்கள் கணக்கில் பணம் ஏறும்' என்று சொல்லி வாட்ஸ்அப்பில் குறியீட்டுப் படம் அனுப்பப்பட்டது. நம்பிக்கை வரவழைக்க முதலில் ஒரு சிறு தொகையை மெய்யாகவே அனுப்புவதும் உண்டு. 2021 பிப்ரவரியில் தில்லியில், அரசியல் தலைவர் ஒருவரின் குடும்பத்தார் பழைய சோபாவை விற்க முயன்று இவ்வாறே ரூ.34,000 இழந்தது நாடெங்கும் செய்தியாயிற்று. படிப்பறிவோ நகர வாழ்க்கையோ இதற்குக் காப்பல்ல என்பதை அந்நிகழ்வு காட்டியது.

இந்த மோசடிக்குக் கணினியை ஊடுருவும் திறமை எதுவும் தேவையில்லை. ரகசிய எண் திருடப்படுவதில்லை. உரியவரே தம் கையால் இடுகிறார். பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை என்ற ஒரு செய்தியை அவர் அறியாததே மோசடியின் முழு மூலதனம்.

படைவீரர் வேடம்

இந்திய இணைய விளம்பரங்களில் போலி வாங்குநர் பெரிதும் அணிந்த வேடம் படைவீரருடையது. இராணுவத்திலோ மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையிலோ பணியாற்றுவதாகச் சொல்லி, சீருடைப் படத்தையும் அடையாள அட்டைப் படத்தையும் அனுப்புவார்கள். அவை பெரும்பாலும் வேறொருவருடையவை. முன்பு ஏமாந்த ஒருவரிடம் பெற்ற ஆவணமாகவும் இருக்கலாம்.

இவ்வேடம் எடுபட்டதற்குக் காரணங்கள் உண்டு. படைவீரர் அடிக்கடி பணிமாற்றம் பெறுவதால் பழைய கட்டில், குளிர்பதனப் பெட்டி, இருசக்கர வண்டி வாங்குவது இயல்பாகத் தோன்றும். பணியிடத்தை விட்டு வர இயலாது என்பதால் பொருளை நேரில் பாராமலே விலை பேசுவதும் ஐயத்தை எழுப்பாது. மேலும், நாட்டுக்காக எல்லையில் நிற்பவரிடம் பேரம் பேசவோ சந்தேகப்படவோ மனம் கூசும். அந்தக் கூச்சத்தையே மோசடிக்காரர் காசாக்கினார். அரைகுறையாகப் புரியும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் பேச்சு நடக்கும்போது, விளங்காததைத் திரும்பக் கேட்கத் தயங்கி, சொன்ன பொத்தானை அழுத்துவோரும் உண்டு.

இவ்வகை அழைப்புகளின் ஊற்றுக்கண்ணாக இராஜஸ்தானின் பரத்பூர், ஆல்வார், ஹரியானாவின் நூ, உத்தரப் பிரதேசத்தின் மதுரா ஆகிய மாவட்டங்கள் சந்திக்கும் மேவாத் பகுதியைக் காவல்துறை அடையாளம் கண்டது. ஜார்க்கண்டின் ஜாம்தாரா வங்கி அதிகாரி வேடத்துக்குப் பெயர்பெற்றதுபோல, மேவாத் வாங்குநர் வேடத்துக்குப் பெயர்பெற்றது. 2023 ஏப்ரல் இறுதியில் நூ மாவட்டத்தின் 14 கிராமங்களில் சுமார் 5,000 காவலர்கள் ஒரே இரவில் சோதனை நடத்தினர். நிதி ஆயோக் 2018இல் வெளியிட்ட பட்டியலில் நாட்டின் மிகப் பின்தங்கிய மாவட்டமாக இடம்பெற்றதும் இதே மாவட்டமே. வேலையில்லா இளைஞர், மலிவான கைபேசி, வேறு மாநிலங்களில் பிறர் பெயரில் வாங்கிய சிம் அட்டை, வாடகைக்குக் கிடைக்கும் வங்கிக் கணக்கு ஆகியவை சேர்ந்தபோது ஏமாற்று ஒரு குடிசைத் தொழிலாயிற்று.

மாறிவரும் வடிவங்கள்

விழிப்புணர்வு கூடக்கூட மோசடியும் உருமாறியது. பணம் அனுப்பியதுபோல் காட்டும் போலித் திரைப்படங்களைத் தயாரிக்கும் செயலிகள் வந்தன. வங்கியிலிருந்து வருவதுபோன்ற குறுஞ்செய்தியைத் தம் சொந்த எண்ணிலிருந்து அனுப்பி, 'ரூ.3,000க்குப் பதில் ரூ.30,000 போய்விட்டது' என்று பதறுவோர் தோன்றினர். மிகைத்தொகைக் காசோலையின் மறுபிறப்பு இது. விற்பவர் தம் கணக்கைப் பாராமல் குறுஞ்செய்தியை மட்டும் பார்த்துத் தம் சொந்தப் பணத்தைத் 'திருப்பி' அனுப்புவார்.

முக்கோண மோசடி இவற்றினும் சிக்கலானது. ஒருவர் விற்கும் கைபேசியின் படத்தைக் காட்டி, மோசடிக்காரர் வேறொருவரிடம் அதே பொருளைத் தாம் விற்பதாகப் பேசுவார். அந்த மற்றொருவரை உண்மையான விற்பவரின் கணக்குக்கே பணம் அனுப்பச் செய்து, பொருளைத் தாம் பெற்றுக்கொண்டு போய்விடுவார். பணம் கொடுத்தவர் புகார் அளித்ததும் முடக்கப்படுவது விற்பவரின் கணக்கு. பொருளும் போய், பெற்ற பணமும் முடங்கி, தாம் குற்றவாளியல்லர் என்று மெய்ப்பிக்கும் சுமையும் அவர்மேல் விழுகிறது.

கடைக்காரர்களுக்கு இதற்கு ஓரளவு விடை கிடைத்தது. 2019 வாக்கில் பரவத் தொடங்கிய ஒலிப்பெட்டிகள், கணக்கில் பணம் ஏறியதும் தொகையை உரக்கச் சொல்கின்றன. வாடிக்கையாளர் காட்டும் திரையை நம்பவேண்டியதில்லை. கடைக்காரரின் சொந்தக் கருவியே சாட்சி. ஆனால் வீட்டிலிருந்தபடி ஒரே ஒருமுறை பழைய மேசையை விற்பவரிடம் ஒலிப்பெட்டி இல்லை. ஒரகடம் தொழிற்பேட்டைக்கு வேலைக்கு வந்து, வண்டலூர்–வாலாஜாபாத் சாலையை ஒட்டிய ஊர்களில் அறை எடுத்துத் தங்கும் இளைஞர், இடம் மாறும்போது வண்டியையோ கட்டிலையோ விற்பது வழக்கம். வாட்ஸ்அப் வழியே சேலை விற்கும் பட்டு நெசவுக் குடும்பங்களும் இவ்வட்டாரத்தில் உண்டு. இவர்களுக்கு ஒரு சேலையின் விலை என்பது பல நாள் தறி வேலையின் கூலி.

சட்டமும் அமைப்புகளும்

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இல் வந்தபோது இத்தகைய ஆள்மாறாட்டத்துக்குத் தனிப் பிரிவு இல்லை. 2008ஆம் ஆண்டுத் திருத்தம் 66டி பிரிவைச் சேர்த்தது. கணினி அல்லது தொடர்புக் கருவி வழியே ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவோருக்கு இப்பிரிவு 3 ஆண்டு வரை சிறையும் ரூ.1 லட்சம் வரை அபராதமும் விதிக்கிறது. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 420ஆம் பிரிவில் இருந்த குற்றம், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவில் இடம்பெறுகிறது.

இழப்பை யார் ஏற்பது என்பதே பாதிக்கப்பட்டவரின் முதற் கேள்வி. ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, வங்கியோ வாடிக்கையாளரோ காரணமாகாத மோசடியை 3 வேலை நாள்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு இழப்பில்லை. ஆனால் ரகசியத் தகவலைப் பகிர்ந்தது போன்ற கவனக்குறைவால் நேர்ந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான இழப்பு அவரையே சேரும். ரகசிய எண்ணைத் தாமே இட்டு ஏமாந்த விற்பவர், இந்த இரண்டாம் வகையில் தள்ளப்படும் நிலையில் நிற்கிறார். ஆகவே அவருக்கு எஞ்சியிருப்பது விரைவு மட்டுமே.

அந்த விரைவுக்கான வழி பின்னரே அமைந்தது. தேசிய சைபர் குற்றப் புகார் தளம் 2019 ஆகஸ்டில் முழு அளவில் செயற்படத் தொடங்கியது. பண மோசடிக்கான உதவி எண் 2021 ஏப்ரலில் 155260 என அறிமுகமாகி, பின்னர் 1930 ஆக மாற்றப்பட்டது. புகார் பதிவானதும் பணம் சென்ற வங்கிக்குத் தகவல் போகிறது. அங்கிருந்து எடுக்கப்படாமல் இருக்கும் தொகை நிறுத்திவைக்கப்படுகிறது. மோசடிக்காரர் பணத்தை அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாற்றுவதற்குச் சில நிமிடங்களே போதும் என்பதால், முதல் ஒரு மணி நேரம் மிக முக்கியமானது. காஞ்சிபுரம் உட்படத் தமிழ்நாட்டின் மாவட்டங்களில் தனிச் சைபர் குற்றக் காவல் நிலையங்களும் இயங்குகின்றன.

கொடுப்பனவுக் கழகமும் படிப்படியாக ஓட்டைகளை அடைத்தது. தனிநபருக்கிடையே பணம் கேட்கும் கோரிக்கைக்கு முதலில் ரூ.2,000 வரம்பு வந்தது. 2025 அக்டோபர் 1 முதல் அவ்வசதியே நிறுத்தப்பட்டது. பணம் பெறுபவரின் வங்கிப் பதிவுப் பெயரையே செயலிகள் காட்டவேண்டும் என்ற விதியும் 2025இல் வந்தது. ஆயினும் கியூஆர் குறியீட்டை வருடித் தாமே பணம் அனுப்புவதை எந்த விதியாலும் தடுக்க இயலாது. அதுவே அம்முறையின் பயன்பாடு.

அறிகுறிகளும் கையாளும் முறையும்

போலி வாங்குநரின் வேடங்கள் மாறினாலும் நடத்தையில் சில கூறுகள் மாறுவதில்லை. பொருளின் பழுது, வயது, ரசீது பற்றி எதுவும் கேட்கமாட்டார். கேட்ட விலைக்கே ஒப்புக்கொள்வார். நேரில் வரமாட்டார், தம்பியோ வண்டிக்காரரோ வருவார் என்பார். கேட்காமலே அடையாள அட்டையை அனுப்புவார். உடனே முடிக்கவேண்டும் என்று அவசரப்படுத்துவார். தொலைபேசியை வைக்கவிடாமல் பேசிக்கொண்டே செய்யச் சொல்வார். உண்மையில் வாங்க வருபவர் குறை கண்டுபிடித்து விலையைக் குறைக்கப் பார்ப்பார். பேரம் பேசாத வாங்குநரே ஐயத்துக்குரியவர்.

பணம் பெற ரகசிய எண் இடவோ, குறியீட்டை வருடவோ, இணைப்பைத் திறக்கவோ, செயலி நிறுவவோ தேவையில்லை. விற்பவர் கொடுக்கவேண்டியது தம்முடைய யுபிஐ முகவரி அல்லது தம்முடைய குறியீடு மட்டுமே. பணம் வந்ததா என்பதை வாங்குபவர் அனுப்பும் படத்திலோ குறுஞ்செய்தியிலோ பார்க்காமல், தம் வங்கிக் கணக்கின் இருப்பில் பார்க்கவேண்டும். அனுப்பியவரின் பெயரும் எதிரே நிற்பவரின் பெயரும் ஒன்றுதானா என்று பார்ப்பது முக்கோண மோசடியைத் தவிர்க்கும். பகல் நேரத்தில், ஆள் நடமாட்டமுள்ள இடத்தில், வீட்டார் ஒருவர் உடனிருக்கப் பொருளைக் கொடுப்பது நல்லது. கூடுதல் பணம் வந்துவிட்டதாக யாரேனும் சொன்னால், தம் கையால் திருப்பி அனுப்பாமல், அவருடைய வங்கி வழியே கேட்கச் சொல்லவேண்டும்.

ஐயம் வந்ததும் விவாதம் தேவையில்லை. அழைப்பைத் துண்டித்து எண்ணைத் தடை செய்தாலே போதும். பணம் போய்விட்டால் மோசடிக்காரருடன் பேசிக்கொண்டிருப்பது இழப்பைப் பெருக்கும். 'தவறு நேர்ந்தது, இன்னொரு முறை வருடினால் எல்லாம் திரும்ப வரும்' என்பதே அவர்களின் அடுத்த வாக்கியம். உடனே 1930ஐ அழைத்து, வங்கிக்கும் தெரிவித்து, உரையாடல், குறியீட்டுப் படம், பரிவர்த்தனை எண் ஆகியவற்றை அழிக்காமல் வைத்திருக்கவேண்டும். ஏமாந்ததை வீட்டில் சொல்ல வெட்கப்பட்டு இரவைக் கடத்துவோருக்கு, மறுநாள் காலையில் நிறுத்திவைக்கத்தக்க பணம் எஞ்சியிருப்பது அரிது.

உத்திரமேரூர்ச் சபையார் பொன் காண்பவரைத் தெரிந்தெடுத்ததும், அவர் கை மெழுகையும் கணக்கில் வைத்ததும் மனிதர் எல்லோரும் தீயவர் என்று எண்ணியதால் அல்ல. சோதனை எல்லோருக்கும் பொதுவாக இருந்தால், சோதிக்கப்படுவதில் யாருக்கும் அவமானம் இல்லை. இணையத்தில் வாங்க வருபவரிடம் 'பணம் என் கணக்கில் ஏறட்டும், பிறகு எடுத்துச் செல்லுங்கள்' என்று சொல்வதும் அத்தகையதே. நேர்மையான வாங்குநர் அந்த இரண்டு நிமிடம் காத்திருப்பார்.